மேகம் விலகினால்தான் குளிர்

பெரிய பனிப்புயல் ஒன்று அடித்து ஓய்ந்தால், மறுநாளோ அதற்கு மறுநாளோ ஒரு சாட்டிலைட் படம் சுற்ற ஆரம்பிக்கும். பெரும்பாலும் நாசாவின் டெர்ரா அல்லது அக்வா எடுத்ததாக இருக்கும். 2010 ஜனவரி 7ஆம் தேதி டெர்ரா எடுத்த பிரிட்டன் படம் இதில் ரொம்பப் பிரபலம். தெற்கே கார்ன்வால் தொடங்கி வடக்கே ஸ்காட்லாந்து வரை தீவு மொத்தமும் வெள்ளை, லண்டனும் பர்மிங்காமும் மான்செஸ்டரும் மட்டும் சாம்பல் திட்டுகளாகத் தெரியும். அடுத்த நாள், 8ஆம் தேதி, ஸ்காட்லாந்தின் ஆல்ட்னஹாரா கிராமத்தில் மைனஸ் 22.3 டிகிரி செல்சியஸ் பதிவானது. எனக்கு அந்தப் படமும் இந்த எண்ணும் இரண்டு தனிச் செய்திகளாகத் தெரியவில்லை. படம் அவ்வளவு துல்லியமாக வந்ததற்கு எது காரணமோ, அதுவேதான் குளிருக்கும் காரணம். இந்தப் பதிவு அதைப் பற்றித்தான். நடுவில் பனி அள்ளிய புலம்பலும் கொஞ்சம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இருப்பது பஃபலோவுக்குத் தெற்கே. நியூயார்க் என்றதும் எல்லாரும் நினைக்கிற நியூயார்க் இல்லை, அந்த மாநிலத்தின் மேற்குக் கோடி, ஈரி ஏரியின் கிழக்கு முனை. ஏரி தென்மேற்கிலிருந்து வடகிழக்காக ஏறத்தாழ 390 கிலோமீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கிறது. நவம்பரில் கனடாவிலிருந்து உறைகுளிர்க் காற்று இறங்கும்போது ஏரித் தண்ணீர் இன்னும் கோடையின் மிச்சச் சூட்டோடு எட்டு, பத்து டிகிரியில் இருக்கும். தண்ணீருக்கும் ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் காற்றுக்கும் 13 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்துவிட்டால் போதும், ஏரியிலிருந்து ஈரம் மேலே ஏறி மேகமாகி, காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் கொட்டும். அந்தக் காற்று ஏரியின் நீளவாக்கிலேயே வீசினால்? முழு 390 கிலோமீட்டரும் ஈரம் உறிஞ்சிக்கொண்டு வந்து, ஒரே பட்டையாக எங்கள் தலையில் இறக்கிவிட்டுப் போகும்.

கோஸ் வரிசைச் செயற்கைக்கோள்கள் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஓரிடத்தில் நிலையாக நின்று, அமெரிக்கா முழுவதையும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை படம் பிடிக்கின்றன. தேவைப்பட்டால் ஒரு சிறு பகுதியை மட்டும் நிமிடத்துக்கு ஒரு படமாகவும் எடுக்கும். அந்தப் படங்களை ஓட்டிப் பார்த்தால் ஏரியின் நடுவில் ஒரு வெள்ளைப் பட்டை முளைத்து, நீண்டு, கரையைத் தொட்டு, உள்ளே நுழைவது அப்படியே தெரியும். அகலம் இருபது, முப்பது கிலோமீட்டர் இருந்தாலே அதிகம். காற்றின் திசை கொஞ்சம் மாறினாலும் பட்டையின் வால் இந்த ஊரிலிருந்து அந்த ஊருக்கு நகர்ந்துவிடும். நிலத்திலிருந்து பார்த்தால் இன்னும் விசித்திரம். பட்டைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தால் தலைக்கு மேல் வெயில் அடிக்கும், சில மைல் தள்ளி தரையிலிருந்து வானம் வரை ஒரு சாம்பல் சுவர் நிற்கும். அந்தச் சுவருக்குள் காரை விட்டால் முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்குகூடத் தெரியாது. பனியோடு இடியும் மின்னலும் வருவதுண்டு. முதல் தடவை கேட்டபோது யாரோ டிரான்ஸ்ஃபார்மரை வெடிக்க வைத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

2022 நவம்பர் 17, வியாழக்கிழமை ராத்திரி ஆரம்பித்தது அப்படிப்பட்ட ஒரு பட்டைதான். பஃபலோவுக்குத் தெற்கே இருக்கும் ஹாம்பர்க் ஊரில் 80 அங்குலத்துக்கு மேல், அதாவது இரண்டு மீட்டருக்கும் மேல். பஃபலோ பில்ஸ் என்கிற எங்கள் அமெரிக்கக் கால்பந்து அணி அந்த ஞாயிற்றுக்கிழமை ஆடவேண்டிய ஆட்டத்தை டெட்ராய்ட்டுக்கு மாற்றிவிட்டார்கள். நவம்பர் பனி ஈரப்பனி, ஒரு ஷவல் அள்ளினால் முதுகு பேசும். அள்ளுவதுகூடப் பரவாயில்லை, அள்ளியதை எங்கே போடுவது என்பதுதான் பிரச்சினை, இரண்டு பக்கமும் குவியல் தோளுக்கு மேலே போய்விட்டால் தலைக்கு மேல் வீசவேண்டும், வீசியதில் பாதி திரும்ப நம் மேலேயே விழும். ஒருவழியாக வாசலைத் திறந்துவிட்டு நிமிர்ந்தால் நகராட்சியின் ப்ளோ வண்டி வந்து ரோட்டுப் பனியையெல்லாம் நம் வாசலில் தள்ளிவிட்டுப் போகும். அந்த டிரைவரைக் குறை சொல்ல முடியாது, அவர் வேறு எங்கே தள்ளுவார். ஆனாலும் அந்த நேரத்தில் மனசு அவ்வளவு நியாயமாக இருப்பதில்லை.

இதே இயந்திரம் ஜப்பான் கடலிலும் ஓடுகிறது. சைபீரியக் காற்று வெதுவெதுப்பான கடலைத் தாண்டி வரும்போது சாட்டிலைட் படத்தில் கடல் முழுக்க இணையான மேகக் கோடுகள் விழும். ஆசியக் கரையை விட்டு வந்த உடனே அந்தக் கோடுகள் ஆரம்பிக்காது, நடுவில் கொஞ்ச தூரம் வெறும் கடலாக இருக்கும். அந்த வெற்றிடம் எவ்வளவு குறுகலோ காற்று அவ்வளவு குளிர் என்று ஜப்பானிய வானிலையாளர்கள் படித்துவிடுவார்கள். வெப்பமானியே இல்லாத நடுக்கடலில் ஒரு இடைவெளியை வைத்துக் குளிரை மதிப்பிடுகிற அந்த வித்தை எனக்கு ரொம்பப் பிடித்தது.

சரி, புயல் போய்விட்டது, வானம் வெளுத்துவிட்டது, படம் வந்துவிட்டது. அந்தப் படத்தில் என்ன தெரிகிறது? எங்கெல்லாம் பனி இருக்கிறது என்பது தெரியும். எவ்வளவு என்பது தெரியாது. கேமராவுக்கு நாலு அங்குலமும் வெள்ளைதான், 80 அங்குலமும் வெள்ளைதான். கூரை உடைந்துவிடுமோ என்று பயந்துகொண்டிருக்கும் ஊரும், பிள்ளைகள் பொம்மை செய்து விளையாடும் ஊரும் பக்கத்து பக்கத்துப் புள்ளிகளில் ஒரே நிறத்தில் இருக்கும். மைக்ரோவேவ் கருவிகள் ஆழத்தை ஓரளவு ஊகிக்கும். 2012இல் ஜப்பான் அனுப்பிய ஒரு செயற்கைக்கோள் இன்றும் அந்த வேலையைச் செய்கிறது. ஆனால் அதன் ஒரு புள்ளிக்குள் எங்கள் ஊர், பக்கத்து ஊர் எல்லாம் அடங்கிவிடும். போதாததற்கு ஈரப்பனியும் காடும் ஆழமான பனியும் அதைக் குழப்பிவிடும்.

ஆகவே கடைசியில் ஒரு மனிதர் அளவுகோலோடு நிற்கவேண்டியிருக்கிறது. எங்கள் தெருவில் ஒரு ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் இருக்கிறார், வானிலைத் துறைக்குத் தன்னார்வமாகப் பனி அளந்து கொடுப்பவர். கொல்லைப்புறத்தில் வெள்ளை பெயின்ட் அடித்த ஒரு சின்னப் பலகை, பக்கத்தில் இடம் தெரிவதற்காக ஒரு ஆரஞ்சுக் கொடி, அவ்வளவுதான் கருவி. வெள்ளை ஏன் என்றால் கறுப்பாக இருந்தால் வெயிலில் சூடாகி முதல் பனியைக் கரைத்துவிடும். அளந்ததும் பலகையைத் துடைத்து மறுபடி பனிக்கு மேல் வைக்கவேண்டும். ஆனால் ஆறு மணி நேரத்துக்குள் இன்னொரு தடவை துடைக்கக்கூடாது. பனி தன் எடையிலேயே அமுங்கும் என்பதால், அடிக்கடி துடைத்து அளந்து கூட்டினால் மொத்தம் ஊதிவிடும். சாதனை ஆசையில் அப்படிச் செய்கிறவர்களைப் பற்றி அவரிடம் கேட்டால் அரைமணி நேரம் பேசுவார்.

இன்னொரு வழியும் உண்டு, கேட்டால் கதை மாதிரி இருக்கும். மினசோட்டாவின் சான்ஹாசனில் அமெரிக்க வானிலைத் துறையின் ஒரு மையம் இருக்கிறது. அவர்கள் சிறிய விமானத்தை ஏறத்தாழ 150 மீட்டர் உயரத்தில் ஓட்டி, மண்ணிலிருந்து இயற்கையாகக் கிளம்பும் காமா கதிர்களை அளக்கிறார்கள். மண்ணில் இருக்கும் பொட்டாசியமும் யுரேனியமும் தோரியமும் எப்போதும் கொஞ்சம் கதிர் விட்டுக்கொண்டேதான் இருக்கும். மேலே பனி மூடினால் அதிலுள்ள நீர் கதிரைத் தடுக்கும். இலையுதிர் காலத்தில் வெறும் தரையில் ஒருமுறை அளந்து வைத்துக்கொண்டு, பனிக்காலத்தில் அதே தடத்தில் பறந்து, எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்தால் பனிக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று வந்துவிடும். வசந்தத்தில் வெள்ளம் வருமா வராதா என்பதற்கு இந்தக் கணக்குதான் முக்கியம், அங்குலக் கணக்கு இல்லை.

படத்தில் வெள்ளையாக இருப்பது பனிதானா என்பதும் ஒரு கேள்வி. மேகமும் வெள்ளைதானே. படங்களை வரிசையாக ஓட்டினால் மேகம் நகரும், பனி நகராது. ஒரே படம்தான் கையில் இருக்கிறது என்றால் ஆறும் ஓடையும் கிளைவிட்டுத் தெரிகிறதா என்று பார்க்கலாம், தெரிந்தால் நாம் பார்ப்பது தரை. இயந்திரத்துக்கு வேறு வழி இருக்கிறது. நம் கண்ணுக்குத் தெரியாத 1.6 மைக்ரான் அகச்சிவப்பு ஒளியில் பனி அந்த ஒளியை விழுங்கிக் கறுப்பாகிவிடும், நீர்த்துளி மேகம் அப்போதும் பளிச்சென்று இருக்கும். அந்த அலைவரிசைகளைச் சேர்த்துச் செய்த படத்தில் பனி நீலப்பச்சையாகத் தெரியும். நாசாவின் வேர்ல்ட்வியூ தளத்தில் யார் வேண்டுமானாலும் ஒரே சொடுக்கில் அப்படி மாற்றிப் பார்க்கலாம், 2000இலிருந்து தினப்படி படங்கள் இருக்கின்றன. உயரத்துப் பனித்துகள் மேகங்கள் மட்டும் இதிலும் ஏமாற்றும். அமெரிக்க வானிலை ஆய்வாளர்கள் 1966 முதல் வட அரைக்கோளத்தின் பனிப் பரப்பை வரைபடமாக்கி வருகிறார்கள், நெடுங்காலம் வாராவாரம் கையாலேயே வரைந்தார்கள். ஜனவரியில் அந்தப் பரப்பு சராசரியாக 4.6 கோடி சதுர கிலோமீட்டருக்கு மேல் போகும்.

இப்போது குளிருக்கு வருகிறேன்.

புதிதாக விழுந்த பனி தன்மேல் விழும் சூரிய ஒளியில் எண்பது, தொண்ணூறு சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். படத்தில் அது அவ்வளவு வெள்ளையாக இருப்பது அதனால்தான், பகலில் அது சூடாகாமல் இருப்பதும் அதனால்தான். ஆனால் நீண்ட அலை அகச்சிவப்பில், அதாவது ஒரு பொருள் தன் சூட்டை வெளியேற்றுகிற அலைநீளத்தில், அதே பனி ஏறக்குறைய முழுக் கறுப்பு. தன்னிடமிருக்கும் சூட்டை மிச்சம் வைக்காமல் வீசிவிடும். கீழே மண்ணில் இருக்கும் வெப்பம் மேலே வந்து ஈடுகட்டவும் முடியாது, பனிக்குள் சிக்கியிருக்கும் காற்று அதைத் தடுத்துவிடும். மேலே மேகம் இருந்தால் தரை அனுப்பும் சூட்டில் பெரும்பங்கு திரும்பி வரும். மேகம் இல்லை, காற்றில் ஈரமும் இல்லை என்றால் அத்தனையும் நேரே விண்வெளிக்குப் போகும். ஊட்டிக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தரவேண்டாம், வானம் பளிச்சென்று இருக்கிற ராத்திரியில்தான் காந்தலிலும் தலைகுந்தாவிலும் விடிகாலை புல்வெளி வெளுத்துக் கிடக்கும்.

அந்த ராத்திரி மேலே கடந்து போகிற செயற்கைக்கோள் எதை அளக்கிறது? அப்படித் தப்பிப்போகிற சூட்டைத்தான். 11 மைக்ரான் பக்கம் தரையிலிருந்து எவ்வளவு கதிர் வந்து சேருகிறதோ அதை வைத்துத்தான் தரையின் வெப்பநிலையைக் கணக்கிடுகிறது. மேகம் இருந்தால் அதனால் தரையைப் பார்க்க முடியாது, மேகத்தின் தலையைத்தான் பார்க்கும். அது தரையை நன்றாகப் பார்க்க முடிகிற ராத்திரிகள்தான் தரை வேகமாகக் குளிர்கிற ராத்திரிகள். கருவிக்கு வாய்ப்பான வானமும் நமக்கு ஆகாத வானமும் ஒன்றேதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அகச்சிவப்புப் படத்தைப் படிக்கிறவர்கள் முதலில் கற்றுக்கொள்வது, மேகம் எவ்வளவு உயரமோ அவ்வளவு குளிர், தரை சூடு என்பது. கடும் குளிரலையில் இது தலைகீழாகிவிடும். தரையோடு ஒட்டிய காற்று கடுங்குளிராகவும், சில நூறு மீட்டர் மேலே அதைவிடச் சூடாகவும் இருப்பதால், தாழ்வான மேகம் தரையைவிடச் சூடாகத் தெரியும். ஈரி ஏரி உறையாமல் இருந்தால் சுற்றியுள்ள நிலத்தைவிடப் பளிச்சென்று சூட்டுத் திட்டாக நிற்கும். உறைந்துவிட்டால் நிலத்துக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியாது. உறைந்தால் ஏரிப்பனி நிற்கும் என்று இங்கே எல்லாரும் நிம்மதி அடைவார்கள், 1976இல் டிசம்பர் நடுவிலேயே ஏரி உறைந்தபோதும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். உறைந்த ஏரிமேல் வாரக்கணக்கில் பனி விழுந்து தூளாகக் கிடந்தது. 1977 ஜனவரி 28ஆம் தேதி அடித்த சூறைக்காற்று அத்தனையையும் வாரிக்கொண்டு வந்து பஃபலோமேல் கொட்டியது. வானத்திலிருந்து புதிதாக விழுந்தது அதில் கொஞ்சம்தான்.

2021 பிப்ரவரியில் டெக்சாஸில் நடந்ததை இந்த எல்லாவற்றோடும் சேர்த்துத்தான் நினைக்கிறேன். பிப்ரவரி 16ஆம் தேதி அலாஸ்காவும் ஹவாயும் தவிர்த்த அமெரிக்காவின் 48 மாநில நிலப்பரப்பில் 73 சதவீதத்தைப் பனி மூடியிருந்தது, 2003இலிருந்து வைத்திருக்கும் அந்தக் கணக்கில் அதுவே மிக அதிகம். அன்று காலை டல்லாஸ் விமான நிலையத்தில் மைனஸ் 19, ஹூஸ்டனில் மைனஸ் 10க்கும் கீழே. எங்களுக்கு அது சாதாரணம். ஹூஸ்டனில் தண்ணீர்க் குழாய் மச்சில் ஓடுகிறது, சுவரில் குளிர் தடுக்கும் பஞ்சு குறைவு, எரிவாயுக் கிணறுகள் திறந்தவெளியில் நிற்கின்றன. 45 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் கரண்ட் போனது. சுவோமி என்பிபி செயற்கைக்கோள் ராத்திரி ஒன்றரை மணி வாக்கில் எடுத்த ஹூஸ்டன் படங்களை நாசா வெளியிட்டது. பிப்ரவரி 7இல் நகரம் முழுக்க வெளிச்சம், 16இல் பேட்டை பேட்டையாக இருட்டு.

அந்த இருட்டுப் பேட்டைகளில் ஒன்றில் என் கல்லூரித் தோழி இருந்தாள். போனில் சார்ஜ் போய்விடும் என்று இரண்டு வார்த்தையில் பேசுவாள். "குழாய் வெடிச்சிடுச்சு டா, சீலிங்லேர்ந்து கொட்டுது." பிறகு தண்ணீரே நின்றுவிட, முற்றத்துப் பனியை வாளியில் அள்ளி உருக வைத்து டாய்லெட்டுக்கு ஊற்றினார்கள். கேரேஜில் காரை ஓடவிட்டு உட்காரலாமா என்று அவள் கணவர் கேட்டபோது மட்டும் நான் கத்திவிட்டேன், மூடிய இடத்தில் அந்தப் புகை ஆளைக் கொன்றுவிடும். அந்த வாரம் டெக்சாஸில் அப்படியும் இறந்தார்கள். மாநிலத்தின் அதிகாரப்பூர்வக் கணக்கில் மொத்தம் 246 பேர், பெரும்பாலானோர் குளிரில் உடல் விறைத்து இறந்தவர்கள், அதில் வீட்டுக்குள்ளேயே இறந்தவர்கள் உண்டு. பகல் படத்தில் டெக்சாஸ் அழகாக இருந்தது. என்னைக் கேட்டால் அந்த வாரத்தின் உண்மையான படம் ராத்திரி எடுத்ததுதான்.

குளிரை மட்டுமே தேடி செயற்கைக்கோள் படங்களைத் துழாவியவர்களும் இருக்கிறார்கள். கொலராடோவின் டெட் ஸ்காம்போஸும் அவர் குழுவும் கிழக்கு அண்டார்டிகாவின் பனிமேட்டில், டோம் ஆர்கஸுக்கும் டோம் ஃபூஜிக்கும் இடைப்பட்ட முகட்டில், பல வருட டெர்ரா, அக்வா தரவுகளை அலசினார்கள். 2010 ஆகஸ்ட் 10இல் மைனஸ் 93.2 டிகிரி என்று 2013 டிசம்பரில் அறிவித்தார்கள். 2018இல் தரவைத் திருத்திப் பார்த்தபோது அது மைனஸ் 98 அருகே போனது. குளிர் அதிகமாக இருந்தது முகட்டின் உச்சியில் இல்லை. கொஞ்சம் கீழே, இரண்டு மூன்று மீட்டர் ஆழமே உள்ள பள்ளங்களில். தரையோடு குளிர்ந்து கனத்த காற்று மழைத்தண்ணீர் மாதிரி அந்தப் பள்ளங்களில் வந்து தேங்குகிறது. அப்புறம் வானம் பல நாள் தெளிவாக இருக்கவேண்டும், காற்று அசையக்கூடாது, மேலே இருக்கும் காற்றில் ஈரம் ஏறக்குறைய இல்லாமல் போகவேண்டும். தனித்தனியாகக் கிடக்கும் பல பள்ளங்களில் ஏறக்குறைய ஒரே அளவில் போய் நின்றதால், அந்த இடத்தின் குளிர் எல்லை அதுவாகத்தான் இருக்கும் என்பது அவர்கள் கணிப்பு.

ஆனால் சாதனைப் புத்தகத்தில் இது ஏறவில்லை. உலகின் மிகக் குறைந்த வெப்பநிலை இன்றும் 1983 ஜூலை 21இல் சோவியத்தின் வோஸ்டோக் நிலையத்தில் பதிவான மைனஸ் 89.2தான். வோஸ்டோக்கில் அளந்தது தரைக்கு மேலே உள்ள காற்றை, செயற்கைக்கோள் அளப்பது பனியின் மேல்தோலை, இப்படிப்பட்ட ராத்திரிகளில் அது காற்றைவிடச் சில டிகிரி குளிராக இருக்கும். காற்று என்று கணக்குப் போட்டால் அந்தப் பள்ளங்களில் மைனஸ் 94 வாக்கில் வரும் என்கிறார்கள், கணக்குப் போட்டதைச் சாதனையாக எழுதமாட்டார்கள். நியாயம்தான் என்று நினைக்கிறேன், கொஞ்சம் எரிச்சலாக இருந்தாலும். கிரீன்லாந்தின் கிளிங்க்கில் ஆளில்லாத தானியங்கி நிலையம் ஒன்று 1991 டிசம்பர் 22இல் மைனஸ் 69.6 அளந்து வைத்திருந்ததை உலக வானிலை அமைப்பு 2020இல்தான் அங்கீகரித்தது, சைபீரியாவின் வெர்கோயான்ஸ்க்கும் ஓய்ம்யகானும் அதுவரை வைத்திருந்த வட அரைக்கோளச் சாதனை போயிற்று. வோஸ்டோக்கின் எண்ணும் அப்படித்தான் போகும் என்பது என் பந்தயம். யாராவது கோடையில் போய் அந்தப் பள்ளங்களில் ஒன்றில் ஒரு கம்பத்தை நட்டு, இரண்டு மீட்டர் உயரத்தில் வெப்பமானியைக் கட்டி, அந்தக் குளிரிலும் சாகாத பேட்டரி ஒன்றை வைத்துவிட்டு வந்தால் போதும்.